வலிப்பு அடங்காத நாய்க்குத் தைராய்டு பார்க்கணுமா?

"அண்ணாச்சி, மாத்திரை குடுத்தும் நாய்க்கு வலிப்பு நிக்க மாட்டேங்கு, தைராய்டா இருக்கும்னு சொல்லுதாவ, ரத்தம் பாத்திரலாமா?"

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் நாய் வளர்ப்பவர்கள் பேச்சில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. பார்க்கலாம், தப்பே இல்லை, சில நாய்களுக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஏற்கெனவே வலிப்பு மாத்திரை சாப்பிடுகிற நாய்க்குத் தைராய்டு நோயே இல்லாவிட்டாலும் ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வர நிறைய வாய்ப்பு இருக்கிறது, அந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் "இதுதான் காரணம்" என்று நிம்மதியாகிவிடுகிறோம், வலிப்புக்கான உண்மையான காரணம் அப்படியே கிடக்கிறது. நான் கால்நடை மருத்துவர் இல்லை. வலிப்பு வருகிற நாயை வீட்டில் வைத்துக்கொண்டு மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை, முதல்முறையாக இதைச் சந்திக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தைராய்டு என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாயின் கழுத்தில் மூச்சுக்குழலுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற சிறிய சுரப்பி அது. அதிலிருந்து வரும் முக்கியமான ஹார்மோனுக்கு டி4 என்று பெயர். உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டும், இதயம் எந்த வேகத்தில் துடிக்க வேண்டும், தோலும் முடியும் எப்படிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் இது பாதிக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தில் டி4 எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும், குறைந்தால் டிஎஸ்எச் என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பித் தைராய்டை விரட்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் தானாக மோட்டார் ஓடுகிறதே, அந்த ஏற்பாடுதான். சுரப்பியே கெட்டுப்போன நாய்க்கு டி4 குறைந்திருக்கும், டிஎஸ்எச் பெரும்பாலும் கூடியிருக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நாய்களுக்கு வருவது பெரும்பாலும் தைராய்டு குறைவுதான். அதிகமாகச் சுரப்பது பூனைகளில் சாதாரணம், நாய்களில் அபூர்வம், அப்படி வந்தால் பெரும்பாலும் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று தேடுவார்கள். குறைவு வரக் காரணம் கிட்டத்தட்டப் பாதி நாய்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி அழிப்பது, மீதியில் சுரப்பி காரணம் தெரியாமல் சுருங்கிப்போவது. சுரப்பியில் முக்கால் பங்கு போன பிறகுதான் வெளியே அறிகுறி தெரிய ஆரம்பிக்கும் என்பதால் இது மெதுவாக, நடுவயதில், கண்ணுக்குத் தெரியாமல் வருகிற நோய். சாப்பாடு கூடாமலேயே நாய் குண்டாகும், எப்போதும் படுத்தே கிடக்கும், இரண்டு விலாப்பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டும் ஆனால் அரிப்பு இருக்காது, வால் முடி உதிர்ந்து எலிவால் போல ஆகும், காதிலும் தோலிலும் தொற்று திரும்பத் திரும்ப வரும், முகத்தோல் தடித்து ஒரு சோகக் களை வந்துவிடும். சித்திரை வெயிலிலும் வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் படுக்கிற நாய் என்றால் நம்மூரில் கட்டாயம் கவனிக்க வேண்டிய விஷயம் அது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலும் பெரும்பாலும் ஏறியிருக்கும்.

இப்போது வலிப்பு பக்கம் வருவோம். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் முதல் வலிப்பு வந்து, இரண்டு வலிப்புக்கு நடுவில் நாய் முழுக்கச் சாதாரணமாக இருந்து, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் அது காரணம் கண்டுபிடிக்க முடியாத, பரம்பரையாக வந்திருக்கக்கூடிய வலிப்பு நோய் என்று எடுத்துக்கொண்டு மருந்து தொடங்குவார்கள். நம் பக்கம் பெரும்பாலும் கொடுப்பது பீனோபார்பிட்டோன், கார்டினால் என்ற பெயரில் மருந்துக்கடையில் சீட்டு இருந்தால் கிடைப்பது. விலை குறைவு, நன்றாக வேலை செய்யும், உலகம் முழுக்க நாய் வலிப்புக்கு முதலில் கைவைக்கிற மருந்துகளில் ஒன்று.

இந்த மருந்தைப் பற்றி ஒரு விஷயத்தை முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் வராது. பீனோபார்பிட்டோன் கல்லீரலை முடுக்கிவிடுகிறது, முடுக்கப்பட்ட கல்லீரல் டி4 ஹார்மோனையும் வேகமாக உடைத்து வெளியேற்றுகிறது, அதனால் மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பல நாய்களுக்கு ரத்தத்தில் டி4 இறங்கிவிடும். சுரப்பி நல்லபடியாக இருக்கும், உடம்புக்கும் குறை இருக்காது, எண் மட்டும் குறைவாகக் காட்டும். சில நாய்களுக்கு நாளாக ஆக டிஎஸ்எச்சும் கொஞ்சம் ஏறிவிடுவதால் ரிப்போர்ட் பார்ப்பதற்கு அசல் தைராய்டு நோய் போலவே இருக்கும். அது மட்டுமில்லை, இந்த மாத்திரை சாப்பிடுகிற நாய்க்குப் பசி கூடும், எடை ஏறும், தூங்கி வழியும். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அப்படியே தைராய்டுதான்! ரிப்போர்ட்டும் சொல்கிறது, நாயைப் பார்த்தாலும் தெரிகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான், ஆனால் இரண்டையும் செய்தது அந்த ஒரு மாத்திரையாகவே இருக்கலாம்.

மருந்தே தொடங்காத நாய்க்கும் இது நடக்கும். தைராய்டுக்குச் சம்பந்தமே இல்லாத எந்தப் பெரிய நோயிலும் உடம்பு டி4ஐத் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்ளும், அடிக்கடி வலிப்பு வருகிற நாய்களிலும் அப்படிக் காணப்பட்டிருக்கிறது. நேற்று இரவு மூன்று தடவை வலிப்பு வந்து, இன்று காலையில் ரத்தம் கொடுத்தால் வருகிற டி4 அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அரிப்புக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி, பிரெட்னிசலோன் மாத்திரை, சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக் இவையெல்லாமும் டி4ஐ இறக்கும். உண்ணிக் கடிக்கும் சொறிக்கும் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு வருவது நம் ஊரில் ரொம்பச் சாதாரணம் என்பதால், கடைசி இரண்டு மாதத்தில் நாய்க்கு என்னென்ன ஊசி மாத்திரை போனது என்று ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள், பழைய சீட்டுகளையும் எடுத்துப் போங்கள்.

சரி, தைராய்டு குறைவு வலிப்பை உண்டாக்குமா உண்டாக்காதா? அபூர்வமாக உண்டாக்கலாம். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைவில் ரத்தக் கொழுப்பு மிக அதிகமாகி மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பாதிக்கப்படலாம், அதனால் வலிப்பு வர வழியிருக்கிறது. தைராய்டு குறைவால் நரம்பில் வருகிற கோளாறுகளாக முகத்தின் ஒரு பக்கம் தொங்குவது, தலை ஒரு பக்கம் சாய்வது, கால் தளர்வது இவற்றைச் சொல்வார்கள். ஆனால் வலிப்பு வருகிற எல்லா நாய்க்கும் மூலகாரணம் தைராய்டுதான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பேச்சுக்கு ஆதாரம் பலமாக இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள் இவை வலிப்பு நோய்க்கும் பேர்போனவை, தைராய்டு குறைவுக்கும் பேர்போனவை. ஒரே நாய்க்கு இரண்டும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கலாம். அப்போது தைராய்டுக்கு மருந்து கொடுத்தால் நாய் சுறுசுறுப்பாகும், முடி முளைக்கும், வலிப்பு மட்டும் அப்படியே இருக்கும். அது மருத்துவர் செய்த தப்பும் இல்லை, மருந்தின் தப்பும் இல்லை.

ரத்தம் எங்கே கொடுப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். பக்கத்தில் இருக்கிற மனிதர்களுக்கான லேபிலேயே நாயின் ரத்தத்தையும் கொடுத்துவிடுகிறோம். மனிதர்களுக்கு மொத்த டி4 சாதாரண அளவு ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) ஏறக்குறைய 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை, நாய்க்கு ஏறக்குறைய 1 முதல் 4 வரை. நாய்க்கு 2 வந்திருந்தால் அது நல்ல அளவு, ஆனால் மனிதக் கணக்கில் அச்சடித்த தாளில் அதற்குப் பக்கத்தில் "குறைவு" என்று தடித்த எழுத்தில் வந்து நிற்கும், வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள். டிஎஸ்எச் இன்னும் மோசம். நாயின் டிஎஸ்எச் வேறு அமைப்பு என்பதால் மனிதர்களுக்கான கிட் அதைச் சரியாகப் பிடிக்காது, வருகிற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. "நாய்க்கான டிஎஸ்எச் கிட் வைத்திருக்கிறீர்களா, நாய்க்கான அளவுகோல் போட்டுத் தருவீர்களா" என்று முதலிலேயே கேளுங்கள். இல்லை என்றால் கால்நடைகளுக்கான லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள், ரத்தத்திலிருந்து சீரம் பிரித்து ஐஸ் பேக் வைத்து அனுப்ப வேண்டும், நம் வெயிலில் பஸ் பார்சலில் சும்மா போட்டுவிடுகிற காரியம் இல்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012இல் வந்தது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. வலிப்பு அடங்காத நாயை ஒரு தடவையாவது அங்கே காட்டிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம், உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரி மருத்துவரிடம் சொல்லி, பழைய சீட்டுகளோடு போனால் அவர்களுக்கும் வேலை எளிதாக இருக்கும்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கிரேஹவுண்ட், சலூக்கி போன்ற ஒல்லியான ஓட்ட நாய்களுக்கு இயற்கையாகவே மற்ற நாய்களைவிட டி4 குறைவு, நோயே இல்லாமல் ரிப்போர்ட்டில் எல்லைக்குக் கீழே இருக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு கொண்ட ஓட்ட நாய்கள்தான், எனவே லேப்ரடாருக்குப் போட்ட அளவுகோலை வைத்து இவற்றுக்குத் தைராய்டு முத்திரை குத்த நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மருத்துவரிடம் இனத்தின் பெயரைச் சொல்லுங்கள், "நாட்டு நாய்" என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

அப்படியென்றால் உண்மையான தைராய்டு குறைவை எப்படித்தான் பிரித்துத் தெரிந்துகொள்வது? முடிந்தால் பீனோபார்பிட்டோன் தொடங்குவதற்கு முன்பே, நாய் வலிப்பு இல்லாமல் தெளிவாக இருக்கிற நாளில், ஒரு தடவை டி4, டிஎஸ்எச், கொலஸ்ட்ரால் பார்த்து வைத்துக்கொள்வது, பின்னால் எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட அது கையில் இருக்கும். மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மொத்த டி4ஐ மட்டும் பார்ப்பது போதாது, கட்டுப்படாத டி4 (ஃப்ரீ டி4), அதாவது ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கிற டி4 என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதையும் டிஎஸ்எச்சையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கட்டுப்படாத டி4ஐயும் பீனோபார்பிட்டோன் இறக்கும் என்பதால் அதுவும் முடிவான தீர்ப்பு இல்லை. எனக்கு இதில் ரொம்பப் பயனுள்ளதாகப் படுவது தைரோகுளோபுலின் ஆன்டிபாடி பரிசோதனை: உடம்பு தன் தைராய்டைத் தானே தாக்குகிறதா என்று அது காட்டும், வலிப்பு மாத்திரையால் அது மாறுவதில்லை, எல்லா லேபிலும் கிடைக்காது என்பதுதான் குறை. கழுத்து ஸ்கேனில் சுரப்பி சுருங்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். டி4 மிகக் குறைவு, டிஎஸ்எச் தெளிவாக அதிகம், கொலஸ்ட்ரால் அதிகம், அரிப்பில்லாத முடி உதிர்வு, இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அப்போது தைராய்டு என்று நம்பலாம். முடி பளபளவென்று இருக்கிற, ஓடியாடுகிற நாய்க்கு எண் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தால் காத்திருந்து மறுபடி பார்ப்பதே சரி. சில நேரம் மருத்துவர் வேறு வலிப்பு மருந்துக்குப் படிப்படியாக மாற்றிவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி தைராய்டு பார்ப்பார், பொட்டாசியம் புரோமைடு என்ற வலிப்பு மருந்து தைராய்டு எண்களைப் பெரிதாகக் கலைப்பதில்லை என்பதால். ஆனால் பரிசோதனைக்காக என்று நீங்களே பீனோபார்பிட்டோனை நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து நாய் உயிரே போகலாம்.

தைராய்டைத் தேடிப் போவதற்கு முன், கொடுக்கிற மருந்து உடம்பில் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பீனோபார்பிட்டோனின் ரத்த அளவை அளக்க முடியும். பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 15 முதல் 35 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டும், அதற்கு மேலே போனால் கல்லீரலுக்கு ஆபத்து. மருந்து தொடங்கி அல்லது டோஸ் மாற்றி இரண்டு வாரம் கழித்துத்தான் அளவு நிலைக்கு வரும். அப்புறம், முடுக்கிவிடப்பட்ட கல்லீரல் டி4ஐ மட்டுமல்ல, இந்த மருந்தையே வேகமாக உடைக்க ஆரம்பிக்கும், அதனால் ஆரம்பத்தில் நன்றாகக் கேட்ட அதே டோஸ் சில மாதம் போனதும் பத்தாமல் போகும், நாயும் இதற்குள் எடை ஏறியிருக்கும். மருந்து கேட்கவில்லை என்று நாம் நினைக்கிற பல நாய்களுக்கு நடப்பது இதுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துக்கொள்ள வேண்டும், கல்யாணத்துக்கும் கொடைக்கும் போகிற நாளில் இரவு பதினொன்றுக்கு வந்து கொடுப்பது கணக்கில் சேராது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புரோமைடு சாப்பிடுகிற நாய்க்குக் கருவாடு போடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு, நம் பக்கம் நாய்ச் சோற்றில் கருவாட்டுத் தலையும் குழம்பும் போடாத வீடு குறைவு. உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வேகமாக வெளியேற்றிவிடும், ரத்தத்தில் மருந்து அளவு இறங்கும், வலிப்பு திரும்ப வரும். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் சப்பென்று என மாறி மாறிப் போடுவதும் கெடுதல்தான். தினமும் ஒரே மாதிரிச் சாப்பாடு.

வேறு காரணங்களும் உண்டு. தடுப்பூசி போடாத குட்டிக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து மூளையைத் தாக்கியிருக்கலாம், வாயும் காலும் வெட்டி வெட்டி இழுப்பது அதன் அடையாளம். சேரன்மகாதேவி, அம்பை பக்கம் வாழைத் தோட்டத்திலும் வயலிலும் சுற்றுகிற நாய் பூச்சிமருந்து பட்டோ தின்றோ வலிப்பு வந்திருக்கலாம். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பெண் நாய்க்குக் கால்சியம் இறங்கும், வயதான நாய்க்கு மூளைக்கட்டி, எந்த வயதிலும் கல்லீரல் கோளாறு, சர்க்கரை இறக்கம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத நாய்க்கு வலிப்போடு குணமும் மாறியிருந்தால் அதன் எச்சில் படாமல் விலகி நின்று உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வலிப்பு வருகிற நேரத்தில் வாயில் கைவிடுவதோ, தண்ணீர் ஊற்றுவதோ, இரும்புக் கம்பியையும் சாவியையும் கொண்டுவந்து வைப்பதோ வேண்டாம். சுற்றியுள்ள சாமான்களை நகர்த்தி, போனில் வீடியோ எடுத்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இரண்டாவது தடவை வந்தாலோ காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். அந்த வீடியோ மருத்துவருக்கு எந்த ரிப்போர்ட்டையும்விட அதிகமாகச் சொல்லும்.

இத்தனையும் பார்த்து, நாய்க்கு உண்மையிலேயே தைராய்டு குறைவு என்று முடிவானால் பயப்பட ஒன்றுமில்லை, அது நன்றாகச் சமாளிக்கக்கூடிய நோய். மனிதர்கள் சாப்பிடும் அதே லெவோதைராக்சின்தான், தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்றெல்லாம் வருவது. ஆனால் கிலோ கணக்கில் நாய்க்கு மனிதர்களைவிடப் பல மடங்கு அதிகம் வேண்டும், ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 20 மைக்ரோகிராம் என்று தொடங்குவார்கள், 25 கிலோ லேப்ரடாருக்கு 500 மைக்ரோகிராம் என்று சீட்டில் பார்த்ததும் மருந்துக்கடைக்காரரே தப்பு என்று நினைத்துத் திருப்பி அனுப்பலாம். தப்பில்லை, ஆனால் எடை மட்டும் வைத்து வீட்டில் நாமே கணக்குப் போட்டுக் கொடுக்கவும் கூடாது, இதயக் கோளாறு உள்ள நாய்க்கு ரொம்பக் குறைவாகத் தொடங்க வேண்டும், அளவு கூடினால் நாய் மூச்சு வாங்கும், தண்ணீராகக் குடிக்கும், ஒரு இடத்தில் நிற்காது, மெலியும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் ஏறாது. தினமும் சாப்பாட்டுக்கு முன்பு என்றால் எப்போதும் முன்பு, பிறகு என்றால் எப்போதும் பிறகு என்று ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். தொடங்கி ஒன்று இரண்டு மாதத்துக்குள், மாத்திரை கொடுத்து நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள், பீனோபார்பிட்டோன் சேர்ந்து போகிற நாய்க்கு டோஸ் கொஞ்சம் மாற்ற வேண்டியும் வரலாம். சுறுசுறுப்பு ஓரிரு வாரத்தில் தெரியும், முடி வர மாதக்கணக்காகும். வலிப்பு மாத்திரை அதுபாட்டுக்கு ஓடட்டும், அதைக் குறைப்பதைப் பற்றி வலிப்பே இல்லாமல் நெடுநாள் போன பிறகு மருத்துவர் சொன்னால் அப்போது பேசிக்கொள்ளலாம்.